நசுங்காத குண்டு

ரிப்போர்ட் தப்பு. கடை முதலாளியைக் கொன்ற குண்டு, காவலாளியின் துப்பாக்கியிலிருந்து வந்ததுதான் என்று ஆய்வகம் எழுதிக் கொடுத்துவிட்டது. ஆள் ஜெயிலில்.

தப்பென்று, அதை எழுதிய ஆய்வக நிபுணரம்மாவுக்கு அப்போது தெரியாது. மறுபடி பார்க்கச் சொல்லி காவலாளியின் வக்கீல் கோர்ட்டில் உத்தரவு வாங்கிவிட்டார். அந்தக் கடுப்பு வேறு.

போன் அடித்தது. காவலாளியைப் பிடித்த இன்ஸ்பெக்டர். ஆய்வகத்தில் அவருக்குப் பெயர் கடுகடு.

"பாத்தாச்சா?"

"இப்பத்தான் சார் உறையையே பிரிக்கறேன்."

"சீக்கிரம் பாருங்க. நல்லாப் பாருங்க." பட்டென்று வைத்துவிட்டார்.

"காலையிலேருந்து இதே தொல்லை," என்றார் அம்மா உதவியாளனிடம். "அந்த மனுஷனை உள்ளேயே வச்சுப் பூட்டாம இவருக்குச் சோறு இறங்காது."

"பிடிச்ச கேஸ் கைநழுவிப் போயிடுமேன்னு பயம் மேடம்."

ஓர் உறையில், முதலாளியைத் துளைத்துக் கடைச் சுவரில் புதைந்திருந்த குண்டு. இன்னொன்றில், காவலாளியின் துப்பாக்கியால் தண்ணீர்த் தொட்டிக்குள் சுட்டு எடுத்த மாதிரிக் குண்டுகள். துப்பாக்கிக் குழல், போகிற குண்டின் மேல் கீறல் போடும். கீறல் ஒத்துப்போனால் அதே துப்பாக்கி.

மைக்ரோஸ்கோப்பில் இந்தப் பக்கம் சுவர்க் குண்டு, அந்தப் பக்கம் மாதிரிக் குண்டு. கீறல் ஒத்துப்போகவே இல்லை.

பழைய ரிப்போர்ட்டில் இருந்த போட்டோவை எடுத்தார். அதில் ரெண்டு குண்டும் மொழுமொழுவென்று இருந்தன. சுவர்க் குண்டோ ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது.

அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு ரெண்டு பக்கமும் மாதிரிக் குண்டையே வைத்திருக்கிறார். ஒரே துப்பாக்கிக் குண்டு, பொருந்தாமல் என்ன செய்யும்?

"நீயும் சரிபாத்துத்தானேடா கையெழுத்துப் போட்டே?"

"நீங்க வச்சதைத்தான் மேடம் பாத்தேன்." குரலை இறக்கினான். "தெளிவாத் தெரியலைன்னு எழுதிடுங்களேன். நம்ம தப்பு வெளிய வராது."

"அந்த ஆளும் வெளிய வரமாட்டார்."

உள்ளதை உள்ளபடி எழுதினார். கடுகடு வந்து குதறினால் குதறட்டும்.

சாயங்காலம் நகல் வாங்க வக்கீல் வந்தார். படித்ததும் முகமெல்லாம் பல்.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"நானா? எனக்குக் குண்டும் ஒண்ணுதான், கோலியும் ஒண்ணுதான். சுவத்தைக் குடைஞ்சு அதை எடுத்தவரே வந்து சொன்னார். நசுங்கின குண்டு போட்டோல எப்படி உருண்டையாச்சுன்னு. மேலதிகாரிகிட்டச் சொன்னாராம். முடிஞ்ச கேஸைக் கிளறாதேன்னு வாயை அடைச்சுட்டாங்களாம்."

"யார் சார் அது?"

வக்கீலின் போன் அடித்தது. பார்த்துச் சிரித்தார். எடுத்து அம்மாவின் காதில் வைத்தார்.

"பாத்தாச்சா?" என்றது மறுமுனை.

கடுகடு.