பெயர் போடாத விளம்பரம்

"ஆள் எடுக்கிறதுக்குன்னே தனியா ஒரு வெப்சைட்டா? எதுக்கும்மா?"

அது 1999. மலேசியாவின் பிறை நகரிலிருந்த தொழிற்சாலையின் மேலாளர் சிவகுருநாதன் கையெழுத்துக்கு வந்த கோப்பை யோகலட்சுமியிடமே திருப்பித் தள்ளினார். "கேட்டுல போர்டு மாட்டுனா போதும்லா. கம்ப்யூட்டர்ல போயி யாரு வேலை தேடுவா?"

ஆளெடுப்புப் பிரிவில் பத்து வருடமாக இருக்கும் யோகலட்சுமி அசரவில்லை.

"போர்டைப் பாத்து வர்றவங்க மூணே மாசத்துல எதிர் பேக்டரிக்கு ஓடிடுறாங்க சார். அதான் போன வாரம் ஒரு பொது வெப்சைட்டுல, நம்ம கம்பெனி பேரு போடாம, 'பிறையில் ஆட்கள் தேவை'ன்னு விளம்பரம் குடுத்துப் பாத்தேன். நாப்பது பேரு எழுதியிருக்காங்க."

"எல்லாம் ஸ்கூல் முடிச்ச பிள்ளைங்களா இருக்கும்லா."

"இல்ல சார். மேனேஜர் வேலைக்கே ஒருத்தர் எழுதியிருக்காரு. இருபது வருஷ அனுபவம்." ஒரு தாளை நீட்டினாள். "இத நான் மட்டுந்தான் பாத்தேன்."

தாளின் உச்சியில் சிவகுருநாதனின் பெயரும், செபராங் ஜெயா வீட்டு விலாசமும் இருந்தன.

அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கோப்பை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"நம்ம வெப்சைட்டுல," என்றார், "கம்பெனி பேர நல்லா பெருசா போட்டுடும்மா!"