விசாரிக்க வந்த அம்மா

"உங்க பெரியப்பாவுக்கு உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க. அமாவாசை வந்தா தறிக்குழியில எறங்கிக்கினு பாட ஆரம்பிச்சிடுவாரு. தெருவே தூங்காது."

தறியில் நூல் கோத்த நாடாவை இப்படியும் அப்படியும் ஓட்டிக்கொண்டே கதை அளந்தாள் ரேணுகா. எதிரே பாயில் உட்கார்ந்திருந்த அம்மா, பட்டுச்சேலை சரசரக்க முன்னால் சாய்ந்தார். "அடடா! அப்புறம்?"

ரேணுகாவுக்கு ஒரே ஆச்சரியம். இந்நேரம் இவங்க எழுந்து ஓடியிருக்க வேண்டாமா?

அப்பா கந்தசாமி போன வாரமே சொல்லியிருந்தார். "ரெண்டு பொம்பளைங்க வருவாங்கம்மா. ஒருத்தர் மெட்ராஸ்ல டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவங்க. நெசவுக்காரங்க வீட்டுக் கல்யாண வழக்கம், சொந்தபந்தம் எல்லாம் கேட்டு ஆராய்ச்சி பண்றாங்களாம். இன்னொருத்தர் களம்பூர் மாப்பிள்ளையோட அத்தை. நம்ம குடும்பத்தப் பத்தி விசாரிக்க வராங்க. பாத்துப் பேசு."

பார்த்துத்தான் பேசினாள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவளுக்கு வேலூரில் டீச்சர் ட்ரெயினிங் இடம் கிடைத்திருந்தது. களம்பூர் சம்பந்தம் முடிந்தால் படிப்பு போச்சு. அப்பாவிடம் அழுது பார்த்தாள், அவர் காதிலேயே வாங்கவில்லை. சரி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாயாலேயே வேணாம்னு சொல்ல வைக்கணும்.

ஆராய்ச்சிக்கார அம்மா நேற்றே வந்துவிட்டுப் போனார். மூக்குக் கண்ணாடி, காட்டன் சேலை, தோளில் ஒரு ஜோல்னாப் பை. தாத்தாவுக்குத் தாத்தா வரைக்கும் கேட்டார். படிக்கிறவங்களுக்குப் போய்ப் பொய் சொல்வதா என்று, காபி போட்டுக் கொடுத்து எல்லாம் உள்ளது உள்ளபடி சொன்னாள்.

இன்றைக்கு வந்தவரோ பளபளவென்று பட்டு, தலை நிறைய கனகாம்பரம். வாசலில் பேரைச் சொல்ல வாயெடுக்கும்போதே, "அப்பா சொல்லிக்கினு இருந்தாரு, வாங்க" என்று உள்ளே கூப்பிட்டாயிற்று.

"இந்த வீட்டு மாப்பிள்ளைக்குன்னு ஏதாவது வழக்கம் உண்டா?"

"இல்லாமயா? கல்யாணம் ஆனதும் ஆறு மாசம் இங்கதான் இருக்கணும். பட்டு நூல் சுத்தணும். கையில இழை அறுந்துச்சுன்னா அன்னிக்கு சோறு கெடையாது."

அந்த அம்மாவின் கண் விரிந்தது. "அப்ப பொண்ணுக்கு?"

"மொத சேலைய நெய்ஞ்சு முடிக்கிற வரைக்கும் புருசன்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது. எங்க அத்தைக்குக் கை மெதுவு. மாமா பேஜாராயி ஓடியே பூட்டாரு."

"ஓடிட்டாரா!" அந்த அம்மா எழுந்து வந்து ரேணுகாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாடா நின்றது. "இவ்ளோ சொல்றேனே, உங்களுக்குப் பயமா இல்லீங்களா?"

"பயமா? இதுக்குத்தானே வருசக்கணக்கா தெருத்தெருவா அலையுறேன்! எல்லா வீட்லயும் ஒரே கதையைத்தான் கேட்டுட்டு வர்றேன்னு எங்க புரொபசர் திட்டிக்கிட்டே இருக்காரு. இனிமே வாய் திறப்பாரா? எனக்கு டாக்டர் பட்டம் கெடைச்சா அது உன் புண்ணியம்தான்மா!"

ரேணுகா கையை உருவிக்கொண்டாள். "நீங்க... மெட்ராஸா?"

"ஆமாம்மா, தனகோடி. ஆரணிக்கு வந்துட்டு ஆரணிப் பட்டு கட்டாம இருந்தா எப்படின்னு நேத்துதான் எடுத்தேன். நல்லா இருக்கா?"

"அப்ப நேத்து வந்தவங்க..."

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார் அப்பா. "ரேணுகா! நேத்து வந்தாங்களே மாப்பிள்ளையோட அத்தை, அந்த டீச்சரம்மா, உன்னைத் தலையில தூக்கி வெச்சிக்கினு பேசறாங்க! இவ்ளோ உண்மையா பேசற பொண்ண பாத்ததே இல்லியாம். வெள்ளிக்கிழமை தட்டு மாத்தறாங்க!"

தனகோடி ஆசையோடு பேனா மூடியைத் திறந்தார். "அப்ப மாப்பிள்ளை என்னிக்கு நூல் சுத்த வர்றாருங்க? நானும் கூட இருந்து பாக்கலாமா?"