சத்தமில்லாத படகு

படகின் டீசல் இயந்திரத்தைக் கழற்றிவிட்டுச் சூரியத் தகடும் பேட்டரி மோட்டாரும் பொருத்திய மறுநாள், மிக்கேல் மனைவி திரேசம்மாளோடு காயலில் மீன் பிடித்துவிட்டுக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வலையிலிருந்து அவள் எடுத்த நண்டு ஒன்று நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"இவளக் கட்டுனதுக்கு அந்த நண்டக் கட்டியிருக்கலாம்" என்று இருபது வருடப் பழக்கத்தில் முணுமுணுத்தார். டீசல் இரைச்சலில் எதுவும் அவள் காதில் விழுந்ததில்லை. இன்று மோட்டார் மூச்சுக்கூட விடவில்லை.

திரேசம்மாள் திரும்பினாள். மிக்கேலுக்கு வியர்த்தது.

"கேட்டுருச்சா?"

"கேட்டுச்சு."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறி எட்டிப் பார்த்தார்; சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ, இத்தன வருசமா நான் உங்களத் திட்டுனதும் கேக்கலையா?"

"ஒரு வார்த்தகூட கேக்கலயே!"

"அடக் கடவுளே, அம்புட்டும் வீணாப் போச்சே" என்றவள், வலையை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்து, கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து தொடங்கினாள். கரை நெருங்குவதைப் பார்த்த மிக்கேல், அவள் சொல்லி முடிக்கட்டும் என்று மோட்டாரின் வேகத்தைக் குறைத்தார்.