முதல் மீன்

விபூதிப் புதனில் இருந்து மச்சம் தொடேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனிசன், எல்லாருக்கும் முன்னால் மீனைப் பறித்து வாயில் போட்டால் என்ன நினைப்பீர்கள்?

சோதிலிங்கமும் அதைத்தான் நினைத்தார்.

ஜேர்மனியில் ஹம் நகரத்து மெக்சிக்கன் ரெஸ்ரோரண்டில் கரி அடுப்பு சோதிலிங்கத்தின் பொறுப்பு. காய்ந்த மிளகாயை ஊறவைத்து, உள்ளி, நற்சீரகம், தேசிக்காய்ப் புளியோடு அரைத்து, முழு மீனைக் கீறிப் பூசி, கரியில் வாட்டி எடுக்க வேண்டும். மெக்சிக்கோவை அவரும் கண்டதில்லை, முதலாளியும் கண்டதில்லை.

போன கிழமை இரண்டு மீன் உப்புக் கூடித் திரும்பி வந்தன. அன்றே முதலாளி சட்டம் போட்டுவிட்டார். ஒவ்வொரு நாளும் முதல் மீனை அவர் கண்ணுக்கு முன்னால் தின்று காட்ட வேண்டும். இன்னொன்று திரும்பி வந்தால் வேலை இல்லை. வேலை போனால் விசாவும் போகும்.

இன்றைக்கு மத்தியானம்தான் கொழும்பிலிருந்து தங்கச்சி ரெலிபோன் எடுத்தாள். யாழ்ப்பாணத்தில் அம்மா போய்விட்டா.

லீவு கேட்கலாம். ஆனால் அந்த இடத்துக்கு ஆள் தயாராக நின்றது. பக்கத்தில் சலாட் வெட்டுகிற றெஜினோல்ட். "அண்ணை, எனக்கும் கிறில் பழக்கி விடுங்கோவன்" என்று நச்சரித்துக்கொண்டே இருக்கிறவன்.

மனிசி குணேஸ்வரியைத் தவிர சோதிலிங்கம் ஒருவருக்கும் சொல்லவில்லை. நின்று நின்று வீங்கின காலை இழுத்துக்கொண்டு வேலைக்கு வந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் பெற்ற பிள்ளை மச்சம் தின்னக் கூடாது. கைக்குச் சாவுத் துடக்குக் காக்க வழியில்லை, வாயையாவது காப்போம்.

முதல் மீன் வெந்தது. முதலாளி வந்து நின்றார்.

"சாப்பிடு."

"நல்லா இருக்கு, ஷெவ். மணத்திலயே தெரியுது."

"மூக்கால சாப்பிடுற ஆக்கள் என்ர கடைக்கு வாறேல்லை. சாப்பிடு."

சோதிலிங்கம் மீனின் கழுத்தடியில் ஒரு துண்டு பிய்த்தார். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமல் போகாதா என்று ஒரு மனிசன் ஏங்கியதை அந்தக் குசினி அன்றைக்குத்தான் கண்டது.

பக்கத்தில் இருந்து ஒரு கை வந்தது. துண்டைப் பறித்தது. றெஜினோல்ட் மென்றான், விழுங்கினான், விரலையும் நக்கினான்.

"உப்புக் கொஞ்சம் காணாது, ஷெவ்," என்றான் டொச்சில். "இவருக்கு மிளகாய் திண்டு திண்டு நாக்கு மரத்துப் போச்சு. இனி நான் உருசி பாக்கிறன்."

"சரி. இனி நீயே பார்," என்று முதலாளி போய்விட்டார்.

சோதிலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தநாள்தான், "மன்னாரானுக்கு மீனில்லாமல் சோறு இறங்குமோ?" என்று பகிடி விட்டார். "தவக்காலமெல்லோ அண்ணை. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் இறங்கத்தான் வேணும்," என்று பெரிய துறவி மாதிரிச் சொன்னவன்!

சாம்பல் கொட்டுகிற சாட்டில் பின்கதவால் போனார். றெஜினோல்ட் அங்கே குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டு நின்றான்.

"கிறில் வேணுமெண்டால் வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே. அதுக்காக விரதத்தையும் வித்துப்போட்டீர், என்ன?"

றெஜினோல்ட் வாயைத் துடைத்தான்.

"மத்தியானம் குணேஸ்வரி அக்கா என்ர மனிசிக்கு ரெலிபோன் எடுத்து அழுதவ, அண்ணை."

சாம்பல் வாளி சோதிலிங்கத்தின் கையிலேயே நின்றது.

"கிறில் உங்கடதான். அந்தியேட்டி முடியுமட்டும் முதல் மீன் மட்டும் என்ர. உள்ளுக்கை மூச்சு விடாதேங்கோ."

"அப்ப... உம்மட தவக்காலம்?"

"நான் முறிச்சதைச் சாமியாரிட்டைச் சொல்லி மன்னிப்பு வாங்கிப்போடுவன்." றெஜினோல்ட் வாளியை மெல்ல வாங்கிக்கொண்டான். "நீங்கள் முறிச்சால் ஆரிட்டைப் போவியள், அண்ணை? மன்னிக்கிற அம்மா போயிட்டாவே."