நல்லாருக்கு, அண்ணாச்சி

"ஜூடி, இத வாயில போட்டுப் பாரு. எப்படி இருக்கு?"

வைகுண்டராஜ் அண்ணாச்சி நீட்டிய இலைத் துண்டில் சூடான பால்கோவா இருந்தது. சட்டியை இறக்கியதும் முதல் விள்ளலைத் தாம் உண்டு, அடுத்த விள்ளலை ஜூடிக்குக் கொடுப்பது அவருடைய வழக்கம்.

சீனி தூக்கலாகத்தான் இருந்தது.

"நல்லாருக்கு, அண்ணாச்சி" என்றாள் ஜூடி.

அவர் அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "மனசுல பட்டதச் சொல்லணும் தாயி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் இந்தக் கடைக்குப் பில் போடும் வேலைக்கு அவள் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்கு முன்பு ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனியில் இருந்தாள். துணி சரியாக வெளுக்கவில்லை என்று அங்கே ஒருமுறை வாய்திறந்தாள். "உன்னய யாரு கேட்டா?" என்றார் மேனேஜர். அடுத்த மாதமே வேலை போயிற்று.

அன்றிலிருந்து ஜூடிக்கு எல்லாமே நன்றாகத்தான் இருந்தது.

பெட்டியில் சரக்கு அடைக்கும் பாண்டிசெல்வி அவள் காதருகே குனிந்தாள்.

"ஏட்டி, இந்த மனுசன் ஆழம் பாக்காரு. உனக்கு முந்தி இருந்த பொன்மணிட்டயும் தெனமும் இப்படித்தான் கேட்டாரு. கடைசில வீட்டுக்கு அனுப்பிட்டாரு."

"அவ என்ன சொன்னா?"

"யாரு கண்டா? ஏதாவது குத்தம் சொல்லியிருப்பா. நீயும் வாயக் குடுத்து மாட்டிக்கிடாத."

மறுநாள் காலை, விள்ளலை வாயில் இட்டதுமே ஜூடிக்குத் தெரிந்துவிட்டது: பால் அடிப்பிடித்திருக்கிறது.

அண்ணாச்சியோ தம் பங்கை நிதானமாக மென்று விழுங்கினார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"எப்படி இருக்கு?"

வாசலில் வேன் நின்றிருந்தது. ராஜபாளையத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு அந்தச் சட்டிச் சரக்கு முழுவதும் போக வேண்டும். சட்டி கிண்டும் சமுத்திரம், துடுப்பை ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கமான பதில் உதடு வரை வந்தது. அண்ணாச்சியின் கண்களைப் பார்த்தாள். அவை உண்மையாகவே காத்திருந்தன.

"அடிப்பிடிச்சிருக்கு, அண்ணாச்சி."

"என்னம்மா பேசுத?" சமுத்திரம் பாய்ந்து வந்தார். "வருசக்கணக்கா கிண்டுத கை இது! புளிய வெறகுப் புகை வாடைய அடிப்பிடிச்ச வாடைங்குது இந்தப் புள்ள. அண்ணாச்சி, நீங்களும் தின்னீங்கள்ல, சொல்லுங்க!"

அண்ணாச்சி தோள்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தச் சட்டி போகாது. வேற பால் ஊத்து. வேன் மத்தியானம் போகட்டும்."

"நேத்து வந்த புள்ள பேச்சக் கேட்டா?"

"ஆமா. அது பேச்சக் கேட்டுத்தான்."

சமுத்திரம் துடுப்பை விசிறி எறிந்தார். கல்யாண வீட்டுக்குப் போன் செய்து தாமதத்தைச் சொல்லி, ஏச்சும் வாங்கிக்கொண்டார் அண்ணாச்சி. இந்த வேலையும் போனதுதான் என்று முடிவுகட்டினாள் ஜூடி.

எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது. அண்ணாச்சிக்குச் சீனி தூக்கலாக ஒன்று. சர்க்கரை நோயாளியான சமுத்திரத்துக்குச் சீனியே இல்லாமல் ஒன்று. வேலை போன நினைப்பிலேயே ஜூடி இருவருக்கும் எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு வாய் குடித்ததுமே சமுத்திரம் துப்பினார்.

"ஏத்தா, பாயாசத்தயா கொண்டாந்த? இது அண்ணாச்சிக்கு வந்த டீல்லா! காலைலேருந்து என் உசுர வாங்கவே வந்திருக்கியா நீ?"

முணுமுணுத்தபடி அவரே வேறு டீ வாங்கக் கிளம்பினார்.

ஜூடி பதறித் திரும்பினாள். அண்ணாச்சி தம் கிளாஸை அதற்குள் காலி செய்திருந்தார்.

"டீ நல்லாருக்கு" என்றார் திருப்தியாக.

"அண்ணாச்சி... அதுல சீனியே கெடையாது."

அவர் வெறும் கிளாஸை ஒருமுறை பார்த்தார். பாண்டிசெல்வி எட்டத்தில்தான் இருக்கிறாள் என்று உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"போன வருசக் காய்ச்சல்ல மூக்கும் நாக்கும் செத்துப்போச்சு தாயி. பால்கோவாக்காரனுக்கு ருசி தெரியாதுன்னு வெளிய தெரிஞ்சா, நம்ம சரக்க யாரு வாங்குவா? சமுத்திரம் தான் கிண்டுனதத் தானே கொறை சொல்லுவானா? அதான் உங்கிட்டக் கேக்கேன்."

"அப்ப, பொன்மணிய ஏன் அனுப்புனீங்க?"

"நல்ல புள்ளதான். ரொம்ப மரியாதை" என்றார் அண்ணாச்சி. "கருகிருக்குன்னு திரும்பி வந்த சரக்குக்கும் நல்லாருக்குன்னே சொல்லிக்கிட்டு இருந்துச்சு."