ஐந்தாவது கோளாறு

டி.வி.க்குப் பின்னால் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் துழாவியபோது, மருமகனுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

அந்த வீட்டில் அவனிடம் ஒரு வேலை சொல்லியிருந்தார்கள்.

“மாப்பிள்ளை, நெட்டுல படம் பாக்கற இந்த ஸ்டிக் நேத்தோட செத்துப்போச்சு. எங்களுக்கு ஒண்ணும் புரியல. கொஞ்சம் பாக்கறீங்களா?” என்று காலையில் மாமா கேட்டதும், இவன் காப்பியைக்கூடக் குடித்து முடிக்காமல் எழுந்துவிட்டான்.

மூன்று மாதமாக யாரும் அவனிடம் எதுவும் கேட்டதில்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள். வாடகை வீட்டைக் காலி செய்து மனைவியோடு மாமனார் வீட்டுக்கு வந்தான். அவள் காலையில் வேலைக்குப் போய்விடுவாள். இவன் வாளியைத் தொட்டால் அத்தை பிடுங்கிக்கொள்வார். கடைக்குப் போகிறேன் என்றால், அதற்குள் மாமா செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனையைத் தாண்டியிருப்பார். நீங்க உக்காருங்க மாப்பிள்ளை, நீங்க உக்காருங்க.

உட்கார்ந்தான். உட்கார்ந்து உட்கார்ந்து சாப்பிட்டான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவனுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் தட்டின் முன்னால் உட்காரும்போதெல்லாம் தண்டச்சோறு என்ற வார்த்தை அவனுக்குக் காதில் விழுந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வெளியூரில் இருக்கும் நண்பனின் அறைக்குப் போய்விடுவதாக முந்தாநாள் மனைவியிடம் சொல்லியிருந்தான். அங்கேயும் வேலை ஒன்றும் காத்திருக்கவில்லை. இங்கே சும்மா இருப்பதை அங்கே போய் இருக்கலாம், அவ்வளவுதான். அவள் பதில் பேசவில்லை.

முதல் கோளாறு ஒரு நிமிடத்தில் பிடிபட்டது. ஸ்டிக் இரண்டாவது துளையில் சொருகியிருந்தது. டி.வி.யோ முதல் துளையில் படத்தைத் தேடிக்கொண்டிருந்தது. மாற்றினான். திரையில் வெளிச்சம் வந்தது.

ஸ்டிக்கின் ரிமோட் அசையவில்லை. திறந்து பார்த்தால் பேட்டரி இரண்டும் தலைகீழ். முப்பது வருடம் ரயில் எஞ்சின் ஓட்டிய மனிதர்! சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

அடுத்து, படம் நிமிடத்துக்கு ஒரு தரம் அணைந்து அணைந்து வந்தது. சுவரில் மாட்ட வேண்டிய வயரை டி.வி.யின் முதுகிலேயே சொருகியிருந்தார்கள். அந்தக் கரண்ட் ஸ்டிக்குக்கு எந்த மூலைக்கு? அடாப்டர் எங்கே என்று கேட்டான். மாமா சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

நான்காவது, வீட்டு வைஃபையே ஸ்டிக்கின் நினைவில் இல்லை. பாஸ்வேர்டைப் போட்டான்.

ஒரே பொருளில் இத்தனை தப்பா! வெகுளி மனிதர்கள். நாம் போய்விட்டால் இவர்கள் என்ன பாடு படுவார்களோ என்று முதல்முறையாகக் கொஞ்சம் கவலைப்பட்டான்.

இப்போது வைஃபை முழுசாக இருந்தது. படம் மட்டும் வரவில்லை.

எந்தச் செயலியைத் திறந்தாலும் இணைப்பு இல்லை என்றது. மோடத்தை அணைத்துப் போட்டான். ஸ்டிக்கைப் பிடுங்கிச் சொருகினான். பாஸ்வேர்டை மூன்று தரம் அடித்தான். அதே வைஃபையில் அவனுடைய ஃபோனில் படம் ஜம்மென்று ஓடியது. அரை மணி நேரம் போனது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மாமா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். பக்கம் புரளவில்லை.

கேட்டதே இந்த ஒரு வேலைதான். இதற்கும் லாயக்கில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வரை எதற்குக் காத்திருப்பது, இன்றைக்கே கிளம்பிவிடலாம் என்று நினைத்தான். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, முடியவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தான்.

துணிக்கூடையோடு குறுக்கே போன அத்தை நின்றார்.

“வருஷத்தைப் பாத்தீங்களா மாப்பிள்ளை?”

மாமா பலமாக இருமினார். அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாத மனுஷி.

அவன் செட்டிங்ஸுக்குள் போனான். மணி சரி. தேதி சரி. மாதமும் சரி. வருடம் மட்டும் மூன்று பின்னால் இருந்தது. வருடம் தப்பாக இருந்தால் எந்தச் செயலிக்கும் இணைப்பு கிடைக்காது. ஆனால் அது தானாகத் தப்பாகாது. ஸ்டிக் தானே நேரம் பார்த்துக்கொள்ளும் வசதியை யாராவது தேடிப் போய் நிறுத்த வேண்டும். பிறகு வருடத்தை ஒவ்வொன்றாகக் கீழே இறக்க வேண்டும்.

அவன் ஃபோனில் தேடிப் பார்த்தான். ஸ்டிக்கை இணைக்கும்போது எல்லோரும் செய்யும் ஐந்து தவறுகள் என்று யாரோ எழுதியிருந்தார்கள். துளை, பேட்டரி, வயர், வைஃபை, வருடம். அதே வரிசை. செய்யாதீர்கள் என்று போட்டிருந்ததை, புருஷனும் பெண்டாட்டியுமாக உட்கார்ந்து ஒன்று விடாமல் செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்கு மனைவி பதில் பேசாமல் இருந்தது அவனிடம் மட்டும்தான்.

கண் கலங்கிவிட்டது. மாமா பார்த்துவிடக் கூடாதென்று திரையை ஒட்டி நின்றுகொண்டு வருடத்தை ஏற்றினான். படம் வந்தது. சத்தமும் வந்தது. உள்ளேயிருந்து அத்தை, அடேயப்பா வந்துடுச்சே என்று தேவைக்கு மேல் ஆச்சரியப்பட்டார்.

“ஞாயித்துக்கிழமை என்ன மாமா ரிப்பேர் ஆகும்?” என்று அவன் திரும்பாமலே கேட்டான்.

பேப்பர் கொஞ்ச நேரம் யோசித்தது.

“மிக்ஸி,” என்றார் மாமா.