ஓடையில் கரைந்த மேசைக்கால்கள்

"இருபத்தெட்டு மேசைக்கால். எங்கடி போச்சு?"

தலைமையாசிரியை கபாசோ கேட்டபோது லோம்பே தலையை நிமிர்த்தவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலுக்கு அவளை மிஞ்ச ஆளில்லை. இறுதித் தேர்வுக்கு இன்னும் மூன்றே வாரம். இன்று பள்ளியை விட்டு நீக்கினால் அவள் படிப்பு அத்தோடு சரி.

"தண்ணில போட்டேன் மேடம். சுரங்கத்துல இருந்து வர்ற கழிவு ஓடைல."

"எதுக்கு?"

"அந்தத் தண்ணில செம்பு கரைஞ்சிருக்கு. இரும்பைப் போட்டா இரும்பு கரையும், செம்பு வெளிய வரும். நாலஞ்சு நாள்ல அடியில சேறு மாதிரி தங்கும். வாங்கறதுக்கு ஆள் இருக்காங்க."

செம்புச் சுரங்க ஊரான கிட்வேயில் இது தெரியாதவர் யார்? ஓட்டை வாளி, சைக்கிள் சக்கரம் என்று ஊரே அந்த ஓடையில் இரும்பைப் போட்டுச் செம்பை அள்ளிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துச் சாமானில் மட்டும் அதுவரை யாரும் கைவைத்ததில்லை. நேற்று மாலை காவலாளி பிடித்தபோது முழங்கால்வரை சேறும் கையில் சாக்குமாக நின்றாளாம்.

"மாயோ! படிச்ச படிப்பு நல்லாத்தான் வேலை செய்யுது! எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க தரையில குப்புறப் படுத்து எழுதுதுங்க. தச்சன் வந்து பலகை மாட்டட்டும்னு ஸ்டோர் ரூம்ல அடுக்கி வெச்ச காலை நீ கரைச்சுக் குடிச்சிருக்க. துருப்பிடிக்கக் கூடாதுன்னு பெயிண்ட் அடிச்சு வெச்சிருந்தோமே, அது எப்படிக் கரையும்?"

"பெயிண்டைச் சுரண்டினோம்... சுரண்டினேன் மேடம்."

"சுரண்டினோமா? கூட யாரு?"

பக்கத்து நாற்காலியில் இருந்த வேதியியல் ஆசிரியர் சிகாஸ்வே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாரும் இல்ல மேடம். பதட்டத்துல வந்துடுச்சு," என்றாள் லோம்பே.

"ஸ்டோர் பூட்டு உடையல. காத்தா புகுந்தியா?"

"கம்பியை வளைச்சுத் திறந்தேன்."

கபாசோ கெட்டவர் இல்லை. குரலை இறக்கிக்கொண்டார். "இத பாரு. உன்னை மாட்டிவிட்டுட்டு எவனோ ஒருத்தன் ஜாலியா திரியறான். பேரை மட்டும் சொல்லு. பரீட்சை எழுத விடறேன்."

லோம்பே அழுதுவிடுவாள் போலிருந்தது.

"யாரும் இல்ல மேடம்."

"சார், உங்க செல்லப் பிள்ளை. நீங்களாவது சொல்லுங்க."

சிகாஸ்வே பெருமூச்சு விட்டார். "பதினேழு வருஷத்துல இப்படி ஒரு மூளையை நான் பாத்ததில்ல மேடம். மனசு வலிக்குது. ஆனா ஒருத்தியை விட்டா, நாளைக்கு கிளாஸ்ல இருக்கற நாப்பது பேரும் கதவு ஜன்னலைக் கழட்டிட்டு ஓடைக்குப் போயிடுவாங்க."

லோம்பே சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். 

கபாசோ கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்தை சிகாஸ்வே போட்டார், பரிசுப் புத்தகத்தில் போடுவதுபோல அழகாக. இல்லாதவர் வீட்டுப் பெண்ணின் படிப்பை நிறுத்த இரண்டு கையெழுத்தும் ஒரு முத்திரையும் போதும். மேசை வாங்க ஆறு வருடம் எடுத்துக்கொள்ளும் பள்ளிக்கூடம் இதற்கு ஆறு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"லேப்ல என் நோட்டு இருக்கு மேடம்."

"எடுத்துக் குடுத்து அனுப்புங்க சார்."

தாழ்வாரத்தில் யாரும் இல்லை. எல்லோரும் மதிய ன்ஷிமாக் களி சாப்பிடப் போயிருந்தார்கள். சிகாஸ்வே சாவிக்கொத்தை எடுத்து லேப் கதவைத் திறந்துவிட்டார். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நாலு நாள் ஸ்கூல் முற்றத்தைக் கூட்டச் சொல்லி விட்டுடுவாங்கன்னுதான் நெனச்சேன் சார்," என்றாள்.

"நடந்தது நடந்துபோச்சு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லோம்பே இரண்டு அடி நடந்து திரும்பினாள்.

"நேத்து காவலாளி வர்றதுக்கு முன்னாடி ஓடைல தவறவிட்டுத் தேடி எடுத்தீங்களே, அந்த ஸ்டோர் சாவியை மணல் போட்டுத் தேச்சுடுங்க சார், இரும்பு மேல செம்பு படிஞ்சு செவேல்னு இருக்கு. மேடம் பாத்துட்டா, நாப்பது பேருக்கும் செய்முறைத் தேர்வு நடத்த ஆள் இருக்காது."